ஒரே பானைப் பள்ளிக்கூடம்

1

திருச்சியிலிருந்து இங்கே வருகிறவர்கள் ஓர் அப்பளக் கட்டையும், யாராவது சொல்லியனுப்பிய வேலை ஒன்றையும் கொண்டுவருவது வழக்கம். அப்பளத்தை வாங்கிக்கொண்டு வேலையை மட்டும் திருப்பி அனுப்பும் சாமர்த்தியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நாங்கள் இருப்பது எத்தியோப்பியாவில், டிரே தாவா என்னும் ரயில்வே ஊரில். கடற்கரையிலிருந்து புறப்படும் ரயில் மலை ஏறுவதற்கு முன் இங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும். நானும் என் வீட்டுக்காரரும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அவர் கணக்கு, நான் விஞ்ஞானம். இந்த நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் கரும்பலகைக்கு முன்னால் இந்திய வாத்தியார் ஒருவர் சுண்ணாம்புத் தூளோடு நிற்பார். எங்களைப்போல ஒப்பந்தத்தில் வந்து, அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடலாம் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தான்.

போன மாதம் கோபால் என்றொரு தம்பி புதிதாக வேலைக்கு வந்தார். வருவதற்கு முன் தென்னூரில் நாங்கள் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் ஒன்றிரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார். அப்பளத்தைக் கொடுத்த கையோடு வேலையையும் கொடுத்தார்.

"உங்க பெரியப்பா சொல்லச் சொன்னாருங்க. ஸ்கூலுக்குப் பத்தாவது ஆண்டு விழா வருது. மலர் போடறாங்க. பொதுவான கொள்கைகளை வச்சு ஒரு பள்ளிச் சமூகத்தை எப்படிக் கட்டினோம்னு நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். ஆரம்பத்துல இருந்தவங்க கைப்பட எழுதினா நல்லா இருக்கும்னாரு."

"முதல்ல சாப்பிடுங்க தம்பி" என்றேன்.

அந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது வந்த வாசகங்கள் மலரில் போடுகிற மாதிரி இல்லை. சாம்பிராணிப் புகை வரவேண்டிய இடத்தில் புளித்த நாற்றம் வந்தது. ஆகவே இதை அவர்களுக்கு அனுப்பாமல், பத்திரிகை படிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

கோபால் வந்த அதே வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் நாள் விருந்து. மைதானத்தின் இந்த ஓரத்தில் ஓர் அடுப்பு, அந்த ஓரத்தில் ஓர் அடுப்பு. இங்கே கிறிஸ்துவர்கள் அறுத்த ஆடு, அங்கே முஸ்லிம்கள் அறுத்த ஆடு. ஒருவர் அறுத்ததை மற்றவர் தொடமாட்டார்கள். ஊரில் கசாப்புக் கடைகளே தனித்தனி. எங்களைப்போன்ற மரக்கறிக்காரர்களுக்கு நடுவில் ஒரு சட்டியில் பருப்பு கொதித்தது. கிறிஸ்துவர்கள் விரத நாளில் சாப்பிடும் பருப்பு அது, உறைப்பு நம் ஊர்க் கண்ணையும் கலங்கவைக்கும்.

வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. அம்ஹாரிக் மொழி வாத்தியார் டெஸ்ஃபாயே என் நல்ல சிநேகிதர். அவரிடம், ஒரே பள்ளிக்கூடத்தில் எதற்கு இரண்டு அடுப்பு என்று கேட்டேன்.

"அவர்கள் அறுத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம். நாங்கள் அறுத்ததை அவர்கள் சாப்பிடமாட்டார்கள். ஒரே அடுப்பு வைத்தால் பாதிப் பேர் பட்டினி. இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்றார். சொல்லிவிட்டுத் தன் தட்டோடு போய், இன்னொரு தட்டோடு உட்கார்ந்திருந்த யூசுஃப் என்ற வாத்தியாரோடு தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை. இரண்டு அடுப்பு இரண்டு அடுப்புதான். ஆனால் அது என்னை ஏமாற்றவில்லை. ஏன் என்றால், இங்கே யாரும் மேடை ஏறி "நாங்கள் ஒரே அடுப்பு" என்று கும்பிடு போடவில்லை. என்னை ஏமாற்றியது ஊரில் நடந்த சமையல்.

3

தென்னூரில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி ஒரு பழைய புகையிலைக் கிடங்கு இருந்தது. சுருட்டு வியாபாரம் படுத்ததும் அது காலியாகக் கிடந்தது. அதை என் பெரியப்பா வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, பள்ளிக்கூடம் ஆக்கினார். முதல் வருஷம் முழுக்கப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் தும்முவார்கள்.

பெரியப்பாவுக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி மில், தென்னூரில் அரிசி மண்டி. மண்டிக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. மேடை கிடைத்தால் சீர்திருத்தம் பேசுவார், நன்றாகவே பேசுவார். தலைமை ஆசிரியராக ஸ்ரீரங்கத்திலிருந்து வரதாச்சாரி சாரைக் கொண்டுவந்தார். அவர் பாடம் நடத்துவதில் பெயர் எடுத்தவர். தினமும் பஸ்ஸில் வந்து சத்திரம் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார். அவரை நம்பி ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளும் சிலர் அவர் பின்னாலேயே வந்தார்கள். தென்னூர் வியாபாரிகளின் பிள்ளைகள், ரயில்வேக்காரர்களின் பிள்ளைகள், வாய்க்கால் கரைத் தெருவிலிருந்து கூலிக்காரர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். வாய்க்கால் கரைத் தெரு என்று சொன்னால் திருச்சிக்காரர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஊர் தொடாத ஜனங்களின் தெரு.

இத்தனை விதமான வீடுகள் சேர்ந்தால் எல்லோருக்கும் பொதுவாகச் சில கொள்கைகள் வேண்டும் என்று கமிட்டி கூடியது. அனலாகப் பேசினோம். உண்மை, சமத்துவம், தூய்மை, உழைப்பு, அன்பு. நீல மையில் ஆள் உயரத்துக்குச் சுவரில் எழுதினார்கள். காலையில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு உறுதிமொழி சொல்வார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அவர்கள் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி சொன்னது நான்தான். நம் வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்போமே, மடத்துக்கோ கோயிலுக்கோ என்று, அந்தப் பிடி அரிசியைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்போம் என்றேன். எல்லா வீட்டு அரிசியும் சேர்ந்து ஒரே பானையில் வெந்தால் சுவரில் எழுதியது சோற்றில் வந்துவிடும் என்று நினைத்தேன். பெரியப்பா கை தட்டினார். தெருவுக்கு ஒரு பையாக நானே தைத்தேன். வாய்க்கால் கரைத் தெருவுக்கு என் பச்சைப் பட்டுப் பாவாடையைக் கிழித்துத் தைத்த பை.

அந்தத் தெருவில் முதலில் போனது அஞ்சலை வீட்டுக்கு. அஞ்சலை பெரியப்பா மண்டியில் அரிசி புடைக்கிறவள். அவள் மகள் புஷ்பம் என் வகுப்பில் முதல் வரிசை. பெற்றோர் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது கமிட்டி தீர்மானம்.

"அஞ்சலை, உலை வைக்கிறப்ப ஒரு பிடி எடுத்து வைங்க. சனிக்கிழமை நான் வந்து வாங்கிக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க அரிசியையுமா கேக்குறீங்க டீச்சரம்மா?"

"எல்லார் வீட்டு அரிசியும்தான். ஒரே பானைங்க. புஷ்பமும் அதுலதான் சாப்பிடும்."

"எங்க அரிசியைப் போட்ட பானையிலதான் மத்த பிள்ளைங்களும் சாப்பிடுமா?"

"ஆமாங்க."

சிரிப்பு நின்றது. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப கொடுக்கறேன். எம் பொண்ணு எங்கயும் தனியா உக்காந்துதான் சாப்பிட்டுருக்கு. நீங்க சொல்ற மாதிரி நடந்துச்சுன்னா, ஒரு பிடி என்ன, ரெண்டு பிடியாவே போடறேன்."

கூலியில் ஒரு பங்கைப் பெரியப்பா அவளுக்கு நொய்யாக அளப்பார். அந்த நொய்யில் இரண்டு பிடி.

4

முதல் நாள் சமையலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஸ்ரீரங்கத்து வீடுகளிலிருந்து பச்சரிசி வந்தது, தென்னூர் வீடுகளிலிருந்து புழுங்கலரிசி, வாய்க்கால் கரையிலிருந்து நொய். கொள்கைப்படி எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டினோம். மில்காரர் பெரியப்பாவும், மில்காரர் வீட்டுப் பெண்ணான நானும் பக்கத்தில் நின்றுகொண்டு கொட்டினோம். அடுப்பு முன்னால் ஒரு நாள் நின்ற எவளுக்கும் தெரிந்த விஷயம், சமத்துவ மயக்கத்தில் எங்களுக்கு மறந்துபோனது. நொய் கூழானது. பச்சரிசி களியானது. புழுங்கலரிசி நடுவில் நறுக்கென்று நின்றது. பிள்ளைகள் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் மட்டும் தூக்குப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் பாதிப் பள்ளிக்கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் கமிட்டி கூடியது. வரதாச்சாரி சார் எழுந்து நின்று நேராகச் சொன்னார்.

"நான் ஒளிச்சுப் பேசப்போறதில்லை. எங்காத்துக் குழந்தைகள் ஆத்துத் தளிகைதான் சாப்பிடும். அரிசி கொடுக்கிறோம், பகவத் சங்கல்பம், அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆனா கலந்து சாப்பிட எனக்கே இன்னும் மனசு வரலை. வராததை வந்ததா வேஷம் போட எனக்குத் தெரியாது."

எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். பிற்போக்கு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். பெரியப்பா என்னைக் கையமர்த்திவிட்டு, இது சாதி விஷயமே இல்லை, சமையல் விஷயம் என்றார்.

"பச்சரிசி வேகிற நேரம் வேற, புழுங்கல் வேகிற நேரம் வேற. பச்சரிசியை விசேஷ நாள் பொங்கலுக்கு எடுத்து வச்சுக்குவோம். வாய்க்கால் கரை அரிசி எல்லாம் நொய். அதை நான் என் மண்டியில எடுத்துக்கிட்டு, அதே அளவு நல்ல அரிசி தரேன். பிள்ளைங்க எதுக்கு நொய்யைத் திங்கணும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பெருந்தன்மையாகத்தானே இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உள்ளே இடம் போதவில்லை என்று சில பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். வாய்க்கால் பக்கம் காற்று வருகிறது என்று வாய்க்கால் கரைப் பிள்ளைகள் பின் சுவரோரம் உட்கார்ந்தார்கள். தட்டு கழுவும் தொட்டி அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று இன்னொன்று கட்டினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஏன் என்று கேட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. வேகிற நேரம், காற்று, இட நெருக்கடி, சுகாதாரம். ஒருமுறை ரொம்பவும் சண்டை போட்டபோது, "தூய்மைன்னு நம்ம கொள்கையிலயே எழுதியிருக்கேம்மா, சுவத்துல பாரு" என்றார் பெரியப்பா. சாதி என்ற சொல்லை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் யாரும் உச்சரித்ததில்லை. அவ்வளவு நாகரிகமான இடம்.

புஷ்பம் பின் சுவரோரம் போனதைப் பற்றி அஞ்சலை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"அரிசி ஒண்ணாத்தானே வேகுது டீச்சரம்மா?"

"பெரியப்பா மாத்திக் கொடுக்கறார். உங்க நொய் மண்டிக்குப் போகுது, மண்டி அரிசி பானைக்கு வருது."

"மண்டியிலேருந்து எல்லாரும்தானே வாங்கித் திங்கிறாங்க. அப்ப சரி" என்றாள். சனிக்கிழமை தவறாமல் பச்சைப் பை நிறைந்து வந்தது.

5

இங்கே வருஷத்துக்கு ஒரு முறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். நாங்கள் அதற்கான அலுவலகத்தில் படும் பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். முதல் வருஷம் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். வெயிலில் மூன்று மணிக்குப் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. இவர்கள் சூரியன் உதிக்கிற நேரத்திலிருந்து மணி எண்ணுகிறவர்கள், அவர்கள் மூன்று மணி நமக்குக் காலை ஒன்பது. இந்த வருஷம் போனபோது குமாஸ்தா என் அப்பா பெயர், தாத்தா பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் அப்பா பெயரைக் கேட்பவர் அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாலைப் பிடிக்கத்தான் கேட்பார். கேள்வி அத்தோடு நின்றது எனக்கு என்னவோ போலிருந்தது.

என் மகள் மாலதிக்கு ஏழு வயது. தெருவில் அம்ஹாரிக், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்ற பெயரில் ஏதோ ஒன்று. கணக்குப் போடும்போது வாய்க்குள் அம்ஹாரிக்கில் எண்ணுகிறாள். ரசத்தைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறாள், அண்டை வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து புளித்த தோசை மாதிரி ஒன்றைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்து எனக்குப் பசி இல்லை என்கிறாள். இவள் கை நழுவிப் போகிறாளே என்று நான் இரவில் என் வீட்டுக்காரரிடம் புலம்பாத நாள் இல்லை.

கோபால் வந்து போனபின் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாலதி என்னம்மா என்றாள். பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். வாய்க்கால் கரை அரிசியை ஏன் தொடமாட்டார்கள் என்பது அவளுக்குப் புரியவில்லை.

"அந்த அரிசியில புழு இருந்துச்சாம்மா?"

"இல்லை."

"அழுக்கா இருந்துச்சா?"

"இல்லைடி."

"அப்ப அவங்களுக்கு ஏதாவது வியாதியா?"

தீட்டு என்ற சொல்லை அவளுக்கு விளக்கத் தமிழிலும் முடியவில்லை, இங்கிலீஷிலும் முடியவில்லை. தமிழ் போகிறதே என்று அழுகிற நான், அந்த ஒரு சொல் அவளிடம் வந்து சேராததற்கு முதல் தடவையாக ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

6

முதல் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், மேடைக்கு விரிக்க ஜமக்காளம் கேட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். தொட்டியில் கஞ்சி கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மேலே ஆணியில் என் பச்சைப் பை தொங்கியது. அதற்குள் கையைவிட்டு நொய்யை அள்ளி அடுத்த கஞ்சிக்குப் போட்டாள்.

"பெரியம்மா, இது ஸ்கூல் பை இல்லையா?"

"ஆமாம்மா. வாய்க்கால் கரை அரிசி. இது வாரா வாரம் மாட்டுக்குத்தான் வரும்."

"மண்டிக்குப் போகுதுன்னு பெரியப்பா சொன்னாரே."

"மண்டியில வச்சா மத்த அரிசியோட கலந்துடாதா? யாராவது வாங்கித் தின்னுட்டா? வேண்டாம், மாட்டுக்குப் போடுன்னு முதல் வாரமே சொல்லிட்டார். மாடு நல்லா கறக்குது. இரு, காபி தரேன்."

பெரியம்மா கெட்டவள் இல்லை. எனக்குக் காபி கலக்க அந்த மாட்டின் பாலைத்தான் கறந்தாள். அதே பால்தான் மறுநாள் விழாப் பாயசத்துக்கு, கமிட்டிக்காரர்கள் எல்லோரும் வழித்து வழித்துக் குடிக்கப் போகிறார்கள். மனிதர் கை பட்டால் வருகிற தீட்டு, மாட்டு வயிற்றுக்குள் போனால் பாலாகிவிடுகிறது. அந்தக் காபியை நான் குடிக்கவில்லை.

என்னைக் குடைந்தது வேறொன்று. அது பெரியப்பாவின் அரிசி. அவருடைய மில்லில் அரைத்து, அவருடைய மண்டியில் அஞ்சலை கையாலேயே புடைத்து, அவரே அவளுக்குக் கூலியாக அளந்து கொடுத்த நொய். அவள் புடைத்த நல்லரிசியை ஸ்ரீரங்கத்து வீடுகள் வாங்கின, தென்னூர் வீடுகள் வாங்கின, அவரே சாப்பிட்டார். ஆனால் அதே அரிசி அவள் வீட்டுக் கலயத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் மனிதர் தின்னலாகாது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் கோயிலைக்கூட இடிக்கவில்லை. கோயிலுக்கு முன்னால் மாட்டைக் கட்டி வைத்துவிட்டார்.

நேராக அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் அடுத்த சனிக்கிழமை அந்தப் பையோடு நிற்க என்னால் முடியாது. சொன்னேன்.

"எப்பலேருந்து?" என்றாள்.

"முதல் வாரத்திலேருந்துங்க."

அவள் உள்ளே போய்க் கலயத்தை எடுத்து வந்து, அந்த வாரத்துக்கென்று சேர்த்திருந்த நொய்யை அன்றைய உலையில் கொட்டினாள்.

7

விழா அமர்க்களமாக நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, சுவரில் இருந்த ஐந்து கொள்கைகளையும் உரக்கப் படித்து, ஒரே பானையில் உண்ணும் இந்தப் பள்ளிக்கூடம் நாட்டுக்கே வழிகாட்டி என்றார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை, அவர் நிஜமாகவே நெகிழ்ந்துபோனார். என்னால் பொறுக்கவே முடியாமல் போனது அதுதான். பொய்யென்று தெரிந்து சொல்கிறவனையாவது ஒரு நாள் பிடித்துவிடலாம்.

"வாய்க்கால் கரைத் தாய்மார்கள் சார்பாகத் திருமதி அஞ்சலை அவர்கள்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் புஷ்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சலை வந்தாள். வரதாச்சாரி சார் தாழ்வாரத்தில் இருந்தார். பந்தல் பிரிப்பதைப் பார்க்க வந்த பெரியப்பாவும் அங்கே இருந்தார். அவள் டி.சி. கேட்டாள். பெரியப்பாவுக்கு ஆச்சரியம்.

"ஏம்மா, பொண்ணு நல்லா படிக்குதே. சாப்பாட்டுல ஏதாவது குறையா?"

"சாப்பாட்டுல குறை இல்லைங்க ஐயா."

"அப்புறம்?"

"எங்க அரிசி மாட்டுக்குப் போகுதாம்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாக, கைக்குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "அதுக்குப் பதிலா நல்ல அரிசியை என் கையிலேருந்து கொடுக்கறேன் இல்லையா? உனக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் இல்லைங்க. அது உங்க மண்டி அரிசிதான், ஐயா. நீங்க கூலியா அளந்து கொடுத்ததுதான். எங்க வீட்டுல ரெண்டு நாள் இருந்துச்சு. நாங்க அதை ஒண்ணும் பண்ணலைங்க."

பந்தற்காரர்கள் மூங்கிலை இறக்குவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். சொல்வதற்குப் பெரியப்பாவிடம் ஒரு காரணம் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வரதாச்சாரி சார்தான் பேசினார்.

"நான் சாப்பிடமாட்டேன்னு சொன்னேன். மாட்டுக்குப் போடுங்கோன்னு சொல்லலை." சொன்னவர் முகம் சுண்டிப்போயிருந்தது. டி.சி.யை அவரே எழுதி, அவரே எழுந்து வந்து அவள் கையில் கொடுத்தார். அவரும் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அஞ்சலை புஷ்பத்தைப் பாலக்கரைப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். மண்டி வேலையையும் விட்டாள். நான் கமிட்டியில் கேட்டேன், கத்தினேன், குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறாள் என்று பெயர் வாங்கினேன். கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணம் ஆனது, எத்தியோப்பியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் மனுப் போட்டோம். கிளம்பும்போது ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வாய்க்கால் கரையின் மற்றப் பிள்ளைகள் இன்னும் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். பின் சுவரோரமோ, எங்கோ, ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். ஒரு பத்து வருஷம் போனால், ஒன்றாகப் படித்த பிள்ளைகள் பெரியவர்களைவிட மேலாக இருப்பார்கள் என்று கப்பலில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

8

கோபால் இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை வாங்கிக்கொள்ள வந்தார். சாப்பிட உட்காரவைத்தேன். ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று ஆசையாகச் சாப்பிட்டார். நல்ல பையன். ரயிலில் வரும்போது யாரோ சோமாலிக் கிழவிக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தவர்.

இத்தனை நாளும் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"தம்பி, பிடி அரிசி இன்னும் வாங்குறாங்களா?"

"வாங்குறாங்களே. அதுதான் நம்ம ஸ்கூலுக்கே பெருமை. இப்ப பச்சரிசி, புழுங்கல்னு தொந்தரவும் இல்லைங்க. எல்லா வீட்டுலயும் புழுங்கலே கொடுத்துடறாங்க. நெசமாவே ஒரே பானைதான். புது ஹெட்மாஸ்டர், டீச்சருங்க, பிள்ளைங்க, எல்லாரும் ஒண்ணா ஒரே பந்தியில உக்காந்துடறோம்."

"எல்லாரும்னா? பின் சுவரோரம் யாரும் உட்காரலையா?"

"யாருமே இல்லைங்க. உங்க பெரியப்பாவே வந்து எங்களோட உக்காந்து சாப்பிடுவாரு."

மனிதர் மாறியிருக்கிறார், நான்தான் தூர தேசத்தில் உட்கார்ந்து பழைய பாலைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கணம் வெட்கப்பட்டேன். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மலருக்கு நல்லதாக இரண்டு பக்கம் எழுதலாம் என்று தோன்றியது.

"வாய்க்கால் கரைப் பிள்ளைங்க இப்ப எத்தனை பேர் படிக்கிறாங்க தம்பி?"

அவர் யோசித்துப் பார்த்தார். "அந்தத் தெருவிலேருந்தா? யாரும் நம்ம ஸ்கூல்ல இல்லையே டீச்சர். நான் சேர்றதுக்கு முந்தியே நின்னுட்டாங்களாம். அதனாலதான் சொல்றேன், இப்ப எந்தப் பிரச்சினையும் இல்லை."

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.